லாவோஸ்–சீனா ரயில்: பயணிக்கு நிறைவு, சரக்குக்குப் பாதி வழி

லாவோஸின் தலைநகரான வியன்டியானிலிருந்து சீன எல்லையிலுள்ள போட்டென் வரை 422 கிலோமீட்டர் ஓடும் லாவோஸ்–சீனா ரயில், 2021 டிசம்பர் 3 அன்று, அந்நாட்டின் தேசிய நாளுக்கு மறுநாள், சேவையைத் தொடங்கியது. சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் லாவோஸ் அதிபர் தோங்லூன் சிசூலித்தும் காணொளி வழியாகத் தொடங்கி வைத்தனர். அதற்கு முன்பு லாவோஸில் ரயில் என்று இருந்தது, தாய்லாந்தின் நோங் காய் நகரிலிருந்து மேகாங் ஆற்றைக் கடந்து வந்து தானலெங் நிலையத்தோடு நின்றுவிட்ட, மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள பாதை மட்டுமே. அதுவும் 2009-இல்தான் வந்தது. அப்படிப்பட்ட நாட்டில் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் மின்சார ரயில் ஓடுவதைக் கண்டு வியந்து சுற்றுலாப் பயணிகள் நிறைய எழுதிவிட்டார்கள். அந்த வியப்பு நியாயமானதே. இருந்தாலும், கடற்கரையே இல்லாத ஒரு சிறிய நாடு, தன் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சமமான முதலீட்டில் இந்தப் பாதையை வரவேற்றது, விடுமுறைக்கு வருகிறவர்களை மனத்தில் வைத்து அன்று. வணிகத்தை மனத்தில் வைத்து. ஆகவே இந்த மதிப்புரையில் பயணிகள் சேவையை முதலில் பார்த்துவிட்டு, கூடுதலான இடத்தைச் சரக்குச் சேவைக்கும் அதற்குப் பின்னால் நிற்கும் பணத்துக்கும் கொடுக்கிறேன்.

பயணிகள் சேவையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு தெளிவானது: தென்கிழக்கு ஆசியாவில் இன்று கிடைக்கும் நல்ல ரயில் பயணங்களில் இதுவும் ஒன்று. வியன்டியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு, மலைகளைச் சுற்றிச் சுற்றி ஏறும் 13-ஆம் எண் சாலையில், பேருந்தில் ஒரு முழுப் பகலோ ஓர் இரவோ செலவாகும். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அந்தக் கணக்கும் தப்பிவிடும். ரயிலில் அதே தொலைவு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. வாங் வியெங் போக ஒரு மணி நேரம் போதும். ‘லான் சாங்’ என்று பெயரிட்ட மின்தொடர் வண்டிகளில் 9 பெட்டிகளும் 720 இருக்கைகளும் உள்ளன. லாவோஸ் கொடியின் சிவப்பு, நீலம், வெள்ளை நிறங்களை அவற்றின் மேல் பூசியிருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பிலேயே இருக்கை வசதியாக இருக்கிறது. குளிரூட்டல் சீராக இருக்கிறது. குறித்த நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்தில் போய்ச் சேருகிறது. அறிவிப்புகள் லாவோ, சீனம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் வருகின்றன.

குறைகளும் உண்டு. நிலையங்களை ஊருக்கு வெளியே கட்டியிருக்கிறார்கள். வியன்டியான் நிலையம் நகர மையத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேலே தள்ளி இருக்கிறது. லுவாங் பிரபாங் நிலையமும் அப்படியே. ரயிலில் மிச்சப்படுத்திய நேரத்தில் ஒரு பகுதியைச் சிற்றுந்துக்குக் காத்திருப்பதில் செலவிட நேரும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். நுழைவாயிலில் விமான நிலையத்தைப் போலவே உடைமைச் சோதனை நடக்கும்; கத்தி, தீமூட்டி, வாசனைத் தெளிப்பான் போன்றவற்றை உள்ளே கொண்டுபோக முடியாது. பயணச்சீட்டு தொடக்கத்தில் நிலைய முகப்பில் பணம் கொடுத்து மட்டுமே கிடைத்தது. 2023-இல் செல்பேசிச் செயலி வந்த பிறகு வெளிநாட்டவருக்கும் வேலை எளிதாகிவிட்டது. பண்டிகை நாள்களிலும், நவம்பர் முதல் பிப்ரவரி வரையான சுற்றுலாக் காலத்திலும் இருக்கைகள் சீக்கிரமே தீர்ந்துவிடுவதால், விற்பனை திறந்தவுடன் வாங்கிவிடுவது நல்லது.

மலைக்காட்சிக்காகவே ஏறுகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பாதையில் 75 சுரங்கப்பாதைகள் இருக்கின்றன. அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 198 கிலோமீட்டர். அதாவது லாவோஸுக்குள் ஓடும் தொலைவில் கிட்டத்தட்டப் பாதி இருட்டுக்குள்தான் கழிகிறது. 167 பாலங்களையும் சேர்த்துக்கொண்டால், தரையைத் தொட்டு ஓடும் பகுதி பாதிக்கும் குறைவு. சாளரத்தில் சுண்ணாம்புக்கல் மலையும் நெல்வயலும் தோன்றி, கண் அதைப் பிடிப்பதற்குள் மறைந்துவிடுகின்றன. நிலத்தை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவருக்கு ஆற்றுப் படகுதான் சரி.

2023 ஏப்ரல் 13 முதல் வியன்டியானுக்கும் சீனாவின் குன்மிங்குக்கும் இடையே நேரடிப் பயணிகள் ரயிலும் ஓடுகிறது. 1,035 கிலோமீட்டரைக் கடக்க, தொடக்கத்தில் எல்லைச் சோதனைகளையும் சேர்த்துப் பத்தரை மணி நேரம் ஆனது. பிறகு அது இன்னும் குறைந்திருக்கிறது. எல்லையில் லாவோஸ் பக்கமுள்ள போட்டென், சீனப் பக்கமுள்ள மோஹான் ஆகிய இரண்டு நிலையங்களிலும் எல்லாப் பயணிகளும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து மீண்டும் ஏற வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சீன விசாவை முன்கூட்டியே வாங்கிக் கையில் வைத்திருந்தால் மட்டுமே இந்த வண்டியை நினைக்கலாம்.

இனி சரக்குக்கு வருகிறேன். லாவோஸைச் சுற்றி சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் என ஐந்து நாடுகள் இருக்கின்றன. கடல் மட்டும் இல்லை. எதை ஏற்றுமதி செய்தாலும் இன்னொரு நாட்டின் சாலையிலும் துறைமுகத்திலும் கட்டணம் செலுத்தியே அனுப்ப வேண்டும். 75 லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டில் உள்ளூர்ச் சந்தையை நம்பிப் பெரிய தொழிற்சாலை கட்ட யாரும் வரமாட்டார்கள். 1986-இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகும், 1997-இல் ஆசியானிலும் 2013-இல் உலக வர்த்தக அமைப்பிலும் சேர்ந்த பிறகும், அங்கே வந்து குவிந்த அன்னிய முதலீட்டின் பெரும்பகுதி நீர்மின் அணைகளுக்கும் கனிமச் சுரங்கங்களுக்கும்தான் போனது. 1,285 மெகாவாட் திறனுள்ள சயாபுரி அணை போன்றவை தாய்லாந்துக்கு மின்சாரம் விற்பதற்கென்றே எழுந்தவை. மின்கம்பி வழியே வெளியேறும் பொருளுக்குச் சாலை வேண்டாம். வெட்டியெடுத்து லாரியில் அள்ளிப்போகும் தாதுவுக்குத் தேர்ச்சி பெற்ற பெரிய தொழிலாளர் கூட்டமும் வேண்டாம். வேளாண் விளைபொருளுக்கும் தொழிற்சாலைப் பொருளுக்கும் வழி செய்து தருவது போக்குவரத்துதான். அந்த இடத்தில்தான் இந்த ரயிலின் அருமை இருக்கிறது.

ரயில் திறப்பதற்கு முந்தைய ஆண்டில் உலக வங்கி வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வியன்டியானுக்கும் குன்மிங்குக்கும் இடையிலான சரக்குப் போக்குவரத்துச் செலவை இந்தப் பாதை 40 முதல் 50 விழுக்காடு வரை குறைக்க முடியும். நேரக் கணக்கைப் பார்த்தால் அந்த எதிர்பார்ப்பு வீண் போகவில்லை என்று சொல்லலாம். விரைவுச் சரக்கு வண்டி குன்மிங்கிலிருந்து வியன்டியானுக்கு 26 மணி நேரத்தில் வந்து சேர்கிறது. தெற்கே இறங்கும் பெட்டகங்களில், அதாவது கன்டெய்னர்களில், மின்னணுப் பொருள்கள், சூரியத் தகடுகள், வாகனங்கள், இயந்திரங்கள், சீனாவின் யுன்னான் மாகாணக் காய்கறிகள், பூக்கள். வடக்கே ஏறும் பெட்டகங்களில் ரப்பர், மரவள்ளி, இரும்புத்தாது, உரம், பழங்கள். இந்தப் பட்டியலை ஒருமுறை படித்தாலே போதும். மேலேறிப் போவன பெரும்பாலும் மூலப்பொருள்கள். கீழிறங்கி வருவன பெரும்பாலும் செய்து முடித்த பொருள்கள். ரயில் இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பெட்டகத்தின் மதிப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை.

தானலெங் உலர் துறைமுகம், அதாவது கடல் இல்லாத இடத்தில் துறைமுகத்தைப் போலவே சரக்கைக் கையாளும் முனையம்தான், இந்தச் சேவையின் இதயம். சீனா போட்ட பாதையில் தண்டவாளங்களுக்கு இடையே 1,435 மில்லிமீட்டர் இடைவெளி. தாய்லாந்தின் பாதையில் 1,000 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் பாதைகளை அகலப்பாதையாக மாற்றிய ஆண்டுகளில் விழுப்புரத்திலும் திருச்சியிலும் வண்டி மாறிப் பயணம் செய்த தலைமுறைக்கு இதன் தொல்லையை விளக்க வேண்டியதில்லை. ஒரு பாதையில் வந்த வண்டி மற்றதில் ஏற முடியாது. பெட்டகத்தைப் பாரந்தூக்கியால் தூக்கி, பக்கத்துப் பாதையில் நிற்கும் வண்டியில் வைக்க வேண்டும். ரயில் 2021 டிசம்பரில் ஓடத் தொடங்கிவிட்டபோதும், இரண்டு பாதைகளையும் அருகருகே கொண்டுவரும் பெட்டக மாற்று முற்றம் 2022 ஜூலையில்தான் திறக்கப்பட்டது. அதுவரை வியன்டியான் தெற்கு நிலையத்துக்கும் தானலெங்குக்கும் இடையில் லாரிகள்தான் பெட்டகங்களைச் சுமந்தன. இன்று மலேசியாவிலிருந்து மீட்டர் கேஜ் பாதையிலேயே தாய்லாந்தைக் கடந்து தானலெங் வந்து, அங்கிருந்து சீனாவின் சோங்சிங் நகருக்குப் போகும் ‘ஆசியான் எக்ஸ்பிரஸ்’ சரக்கு வண்டியும் 2024 ஜூனிலிருந்து இந்த முற்றத்தைப் பயன்படுத்துகிறது.

பழங்களின் கதை இதைவிடப் பாடம் நிறைந்தது. தாய்லாந்தின் முள்நாறிப் பழத்துக்கு, அதாவது டுரியானுக்கு, உலகிலேயே பெரிய வாங்குநர் சீனா. ஏப்ரலிலிருந்து ஜூன் வரையான சில வாரங்களுக்குள் பறித்து, பதம் கெடாமல் கொண்டுசேர்க்க வேண்டிய இந்தப் பழம், கப்பலிலும் லாரியிலுமாகப் போய்க்கொண்டிருந்தது. இத்தகைய சரக்குக்கென்றே பிறந்தது போன்ற பாதை இது. ஆனாலும் சீனப் பக்கத்தில் மோஹான் ரயில் நிலையத்தில் பழங்களைச் சோதிக்கும் தனி வளாகம் முறையாகச் செயல்படத் தொடங்கியது 2022-இன் இறுதியில்தான். கொரோனாக் காலக் கட்டுப்பாடுகளும் அதோடு சேர்ந்துகொண்டன. தண்டவாளம் தயார், வண்டி தயார், பழம் தயார். பூச்சியும் நோயும் இல்லை என்று பார்த்துக் கையெழுத்திடும் மேசை மட்டும் தயாராக இல்லை. எல்லை தாண்டிய வணிகத்தில் சிமென்டும் இரும்பும் செய்கிற வேலை பாதிதான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து வேறில்லை. முதலீட்டு விழாக்களில் சுரங்கத்தின் நீளத்தைச் சொல்கிறார்கள். சோதனை வளாகத்தின் திறப்பு நாளை யாரும் சொல்வதில்லை. ஒரு விவசாயியின் லாபத்தை அந்த இரண்டாவது நாள்தான் தீர்மானிக்கிறது.

அந்த மேசை திறந்த பிறகும் எல்லாப் பழமும் எல்லாக் காயும் போய்விட முடியாது. சீனாவுக்குள் நுழையும் ஒவ்வொரு விளைபொருளுக்கும் இரு அரசுகளும் தனித்தனியாக நலச்சான்று உடன்பாடு, அதாவது பூச்சியும் நோயும் இல்லை என்று சான்றளிக்கும் முறைக்கான உடன்பாடு, செய்துகொள்ள வேண்டும். தோட்டத்தையும் பொதி கட்டும் கூடத்தையும் பதிவு செய்ய வேண்டும். தாய்லாந்தின் ஏற்றுமதியாளர்கள் இந்த வேலையில் பல ஆண்டுகளாகப் பழகியவர்கள். அவர்களிடம் குளிர்பதனக் கிடங்கு உண்டு, தரம் பிரிக்கும் கூடம் உண்டு, காகிதங்களைக் கவனிக்கும் ஆட்கள் உண்டு. லாவோஸின் மலைக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் பயிரிடுகிறவருக்கு இவற்றில் எதுவும் கிடையாது. ஆகவே லாவோஸ் மண்ணில் ஓடும் ரயிலை லாவோஸ் விவசாயியைவிடத் தாய்லாந்தின் பழ வணிகர் நன்றாகப் பயன்படுத்துகிறார். இதில் தாய்லாந்து வணிகர் மீது குற்றம் சொல்ல எதுவும் இல்லை. போட்ட பணத்தில் தண்டவாளத்துக்குப் போன பங்கோடு ஒப்பிட்டால், கிடங்குக்கும் கிளைச் சாலைக்கும் சான்று அலுவலகத்துக்கும் போன பங்கு மிகச் சிறியது என்பதே என் குறை.

லாவோஸுக்குச் சொந்தமான சரக்கிலும் எது எங்கே விளைகிறது என்று பார்க்க வேண்டும். பாதை தலைநகருக்கு வடக்கே மட்டுமே ஓடுகிறது. நாட்டின் பெயர்பெற்ற காப்பி, தெற்கே பொலவென் பீடபூமியில் விளைகிறது. அதற்கு அருகிலுள்ள பாக்சே நகரிலிருந்து வியன்டியான் 600 கிலோமீட்டருக்கும் மேல். சீன நிறுவனங்கள் முதலீடு செய்து, உரத்துக்குப் பயன்படும் பொட்டாஷ் உப்பை எடுக்கும் கம்முவான் மாகாணமும் ரயில் முனையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேலே தெற்கில் இருக்கிறது. வடக்கே, ரயில் தொட்டுக்கொண்டு போகும் மாகாணங்களில், ரப்பர்த் தோட்டங்களையும் வாழைத் தோட்டங்களையும் ஏற்கெனவே சீன முதலீடு நிறைத்திருக்கிறது. வாழைத் தோட்டங்களில் பயன்படுத்திய வேதிப்பொருள்கள் தொழிலாளர்களையும் நீர்நிலைகளையும் பாதித்ததால், ரயில் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே லாவோஸ் அரசு புதிய வாழைத் தோட்டங்களுக்குத் தடை விதித்தது. எந்த முதலீட்டை வேண்டும் என்று சொல்வது, எதை வேண்டாம் என்று சொல்வது என்பதில் அந்த அரசுக்கு அனுபவமே இல்லை என்று யாரும் எழுதக் கூடாது. அந்தத் தடை அதற்குச் சாட்சி. மரவள்ளி மட்டும் சிறு விவசாயிகள் கையில் பெருமளவில் இருக்கிறது. சேலத்து ஜவ்வரிசி ஆலைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கிழங்கிலிருந்து எத்தனை பொருள் செய்ய முடியும் என்பது தெரியும். லாவோஸில் அதில் பெரும்பகுதி சீவிக் காயவைத்த துண்டுகளாகவோ மாவாகவோதான் எல்லையைத் தாண்டுகிறது.

இப்போது பணம். மொத்தச் செலவு ஏறத்தாழ 590 கோடி டாலர். இதில் 60 விழுக்காடு, அதாவது சுமார் 354 கோடி டாலர், சீனாவின் எக்ஸிம் (ஏற்றுமதி–இறக்குமதி) வங்கியிடமிருந்து, ரயிலுக்காக இரு நாடுகளும் சேர்ந்து அமைத்த கூட்டு நிறுவனம் வாங்கிய கடன். மீதி 40 விழுக்காடு பங்கு மூலதனம். அதில் 70 விழுக்காட்டைச் சீன அரசு நிறுவனங்களும் 30 விழுக்காட்டை லாவோஸ் அரசு நிறுவனமும் போட்டன. லாவோஸ் பங்காக வந்த ஏறத்தாழ 73 கோடி டாலரில் 25 கோடி மட்டுமே வரவுசெலவுத் திட்டத்திலிருந்து வந்தது. மீதி 48 கோடியும் அதே எக்ஸிம் வங்கியிடம் வாங்கிய கடன்தான். பங்குதாரராக உட்காருவதற்கே கடன் வாங்கியிருக்கிறார்கள் என்பதை இந்தச் சேவையைப் புகழ்கிறவர்களும் இகழ்கிறவர்களும் சரியாகக் கவனிக்க வேண்டும். பெருங்கடன் கூட்டு நிறுவனத்தின் பேரில் இருப்பதால் லாவோஸ் அரசின் நேரடிக் கணக்கில் அது தெரிவதில்லை. நிறுவனம் தடுமாறினால், 30 விழுக்காட்டுப் பங்கை வைத்திருக்கும் அரசு அப்போது ஒதுங்கி நிற்க முடியும் என்று நான் நம்பவில்லை.

இந்தக் கணக்கு போட்டபோது லாவோஸ் நாணயமான கிப்புக்கு இருந்த மதிப்பு இப்போது இல்லை. 2021-இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 9,300 கிப் அளவில் இருந்த நாணயம், 2023 முடிவதற்குள் 20,000-ஐத் தாண்டிச் சரிந்தது. 2023 பிப்ரவரியில் பணவீக்கம் 41 விழுக்காட்டைத் தொட்டது. எரிபொருள் விலையேற்றம், கொரோனாவின் பாதிப்பு, அணைகளுக்காகவும் சாலைகளுக்காகவும் வாங்கிய பழைய கடன்கள் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ரயிலை மட்டும் குற்றவாளி ஆக்குவது நேர்மை ஆகாது. ஆனாலும் உள்ளூர்ப் பயணியிடமிருந்து கிப்பில் வசூலித்து, வாங்கிய கடனை டாலரில் அடைக்க வேண்டிய எந்தச் சேவைக்கும் இந்தச் சரிவு பேரடிதான். கட்டணத்தை ஏற்றினால், சந்தைக்குக் கூடை தூக்கிக்கொண்டு ஏறும் பெண் மீண்டும் பேருந்துக்குப் போய்விடுவார். ஏற்றாவிட்டால் டாலர்க் கணக்கில் வருமானம் பாதியாகிவிடும்.

கடன் நெருக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு அதே நாட்டில் முன்னுதாரணம் இருக்கிறது. மின்வாரியத்தின் கடன் சுமை தாங்க முடியாமல் போனபோது, உயரழுத்த மின்கடத்தல் வலையமைப்பை நடத்தப் புதிய நிறுவனம் ஒன்று உருவாக்கப்பட்டு, அதன் பெரும்பான்மைப் பங்கு சீனாவின் தென்னக மின்கட்டமைப்பு நிறுவனத்துக்குப் போனது. 2021-இல் 25 ஆண்டு ஒப்பந்தமும் கையெழுத்தானது. வியன்டியானிலிருந்து வாங் வியெங் வரை 2020 டிசம்பரில் திறந்த விரைவுச் சாலையில் யுன்னான் நிறுவனத்துக்கு 95 விழுக்காடு, லாவோஸ் அரசுக்கு 5 விழுக்காடு. சுங்கம் வசூலிக்கும் உரிமை 50 ஆண்டுக்கு. இவற்றோடு ஒப்பிட்டால், ரயிலில் 30 விழுக்காட்டை லாவோஸ் தன் கையில் வைத்துக்கொண்டது பெரிய செயல் என்றே நினைக்கிறேன். கடன் தவணைகளைச் சீனா பலமுறை தள்ளிவைத்துக் கொடுத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவணை தள்ளிப்போனது, கடன் தள்ளுபடி ஆகவில்லை.

பாதை போட்ட மண்ணையும் பேச வேண்டும். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மீது 20 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டுகளைக் கொட்டின. அவற்றில் வெடிக்காமல் மண்ணுக்குள் கிடந்தவற்றைத் தேடி அகற்றிய பிறகே பல இடங்களில் மண்வெட்டி இறங்கியது. 4,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நிலத்தையோ வீட்டையோ இழந்தன. இழப்பீடு தாமதமாக வந்தது என்ற முறையீடு கட்டுமானக் காலம் முழுவதும் எழுந்தது. இரண்டு மணி நேரத்தில் லுவாங் பிரபாங் சேர்ந்துவிடும் மகிழ்ச்சியில் இந்தக் குடும்பங்களை மறப்பது எளிது. சேவையின் தரத்தை மதிப்பிடும்போது அவர்களுக்குத் தந்த மரியாதையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்த அளவில் இந்தச் சேவைக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க என்னால் முடியவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் குன்மிங் முதல் வியன்டியான் வரையான முழுப் பாதையிலும் நான்கு கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் பதிவாயின; பெரும்பகுதி சீன எல்லைக்குள் நடந்தவைதாம் என்றாலும், லாவோஸுக்குள் நடந்தவையும் சிறிய எண்ணிக்கை அன்று. 2024-இல் லாவோஸுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்தார்கள். லுவாங் பிரபாங்கில் விடுதி நடத்துகிறவரும், வாங் வியெங்கில் படகு ஓட்டுகிறவரும், நிலைய வாசலில் சிற்றுந்து வைத்திருப்பவரும் அதன் பயனை அன்றன்றே கையில் வாங்கினார்கள். வியன்டியானில் ரயில்வே தொழிற்கல்லூரி ஒன்றும் சீன உதவியோடு எழுந்திருக்கிறது. ஓட்டுநராகவும் பராமரிப்பாளராகவும் லாவோஸ் இளைஞர்கள் பயிற்சி பெறுகிறார்கள். தண்டவாளத்தை எவர் பணத்தில் போட்டாலும், அதைப் பழுது பார்க்கத் தெரிந்த கை உள்ளூரில் இருந்தால் அந்தச் சொத்தின் மீது ஓர் உரிமை தானே பிறந்துவிடும். இந்த முதலீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அந்தக் கல்லூரிதான்.

யாருக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைப்பேன்? பயணிக்கு, தயக்கமின்றி. குன்மிங்கிலிருந்து வியன்டியானுக்கோ பேங்காக்குக்கோ பொருள் வரவழைக்கும் வணிகருக்கு, கப்பல் நாள்களையும் ரயில் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, அவசரச் சரக்குக்கும் குளிர்பதனச் சரக்குக்கும் பரிந்துரைப்பேன். கனமான, விலை குறைந்த, நாள்கணக்கில் காத்திருக்கக்கூடிய சரக்குக்குத் தாய்லாந்தின் லேம் சபாங் துறைமுகமே இன்னும் சிக்கனம். லாவோஸில் தோட்டமோ ஆலையோ வைக்க நினைக்கும் முதலீட்டாளருக்கு, ரயில் வரைபடத்தைப் பார்த்து இடம் வாங்க வேண்டாம் என்பேன். எந்த நிலையத்தில் சரக்கு முற்றம் உண்மையாக இயங்குகிறது, அங்கிருந்து தோட்டத்துக்கு மழைக்காலத்தில் லாரி போகுமா, அந்த விளைபொருளுக்குச் சீனாவுடன் நலச்சான்று உடன்பாடு இருக்கிறதா என்ற மூன்றையும் முதலில் கேட்டறிய வேண்டும்.

லாவோஸ் அரசுக்குக் கால அவகாசமும் அதிகம் இல்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து அந்நாடு வெளியேறுவதற்கு 2026 நவம்பர் என்று ஐ.நா. பொதுச்சபை நாள் குறித்தது. வெளியேறும் நாடு அந்தத் தகுதியால் பெற்ற சுங்கச் சலுகைகளைப் படிப்படியாக இழக்கும். தெற்கே தாய்லாந்து தன் சொந்தப் பணத்தில் பேங்காக்கிலிருந்து நாகோன் ராட்சசிமா வரை 1,435 மில்லிமீட்டர் பாதை போட்டுக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து நோங் காய் வரை நீட்டிக்க 2025 பிப்ரவரியில் அதன் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. கிழக்கே வியட்நாமின் வுங் ஆங் துறைமுகத்துக்கு, லாவோஸின் தாகெக் நகரிலிருந்து ரயில் பாதை போடும் திட்டம் பேச்சளவில் நீண்டுகொண்டே போகிறது. அந்தத் துறைமுகத்தில் லாவோஸ் தன் பங்கை உயர்த்திக்கொண்டிருப்பதால், காப்பிக்கும் பொட்டாஷுக்கும் அதுவே உண்மையான வழியாக அமையக்கூடும். தாய்லாந்துப் பாதை முதலில் முடிந்து, அதில் சரக்கு வண்டிகளும் ஓடினால், தானலெங்கில் பெட்டகம் தூக்கி மாற்றும் வேலையே தேவைப்படாது. பேங்காக்கில் கிளம்பிய சரக்கு வண்டி லாவோஸைக் கடந்து நேரே குன்மிங் போய்விடலாம். மாற்று முற்றத்தில் கிடைக்கும் கூலியும் கட்டணமும் அன்றைக்கு நின்றுபோகும். அந்த வண்டி வியன்டியானிலோ மூவாங் சாயிலோ நாதேயிலோ நின்று சரக்கேற்ற வேண்டுமானால், அந்த நிலையங்களின் முற்றங்களில் குளிர்பதனக் கிடங்கும் சோதனைக்கூடமும் இப்போதே எழ வேண்டும். ரயில் நிறுவனத்தின் அடுத்த முதலீட்டு அறிவிப்பில் நான் தேடப்போவது இந்த இரண்டையும்தான்.